மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல்

கண்டி வாவியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வராமல் இராமநாதன் தமது அலுவலகக் கதவைத் திறப்பதில்லை. காப்புறுதிக் கம்பனியில் விசாரணை அதிகாரியாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. ஓய்வு பெற்று, ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் ‘தனியார் துப்பறிவாளர்’ என்று பலகை மாட்டிய பிறகும் மாறவில்லை. நடக்கும்போது தமக்குள்ளேயே ஒரு நீதிமன்றத்தைக் கூட்டிவிடுவார். முதல்நாள் எடுத்த முடிவைக் கூண்டில் ஏற்றித் தாமே எதிர்த்தரப்பு வழக்கறிஞராகிக் குடைவார். அந்தக் குடைச்சலுக்குத் தப்பிய முடிவை மட்டுமே அறிக்கையாக எழுதுவார்.

ஒரே ஒருமுறை அதை மீறினார். அடைமழை கொட்டிய ஒரு காலையில், வாவிப் பக்கமே போகாமல், நேராக மேசையில் அமர்ந்து ஓர் அறிக்கையை எழுதிக் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்தின் பலனாகச் சுபாஜினி என்ற தாதி வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டாள். அன்றிலிருந்து வாவியைச் சுற்ற அவருக்குக் கால் எழவில்லை. கூண்டில் ஏறப்போவது யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

“சேர், ஒரு கெழமையா நீங்க வாவிப் பக்கம் போகல்ல. கொக்கெல்லாம் என்கிட்ட வந்து உங்கள விசாரிக்குது” என்றாள் ஹபீலா, தேநீர்க் கோப்பையை அவர் முன் வைத்தபடி. அவருடைய உதவியாளர் அவள். இரண்டு பிள்ளைகளின் தாய். மடவளையிலிருந்து கண்டிக்குத் தினமும் ஒரு பழைய சின்னக் காரில் வருவாள். அந்தக் காரைப் போலவே அவளுடைய வாயும் ஓட ஆரம்பித்தால் இலேசில் நிற்காது.

“இன்னைக்குப் பின்னேரம்தான் அந்தப் பிள்ளையோட விசாரணை, ஹபீலா.”

“நீங்கதானே அறிக்கை குடுத்தீங்க? பொறகு என்னத்துக்கு மொகத்த இப்படித் தொங்கப் போட்டுக்கொண்டு ஈக்கிறீங்க?”

இராமநாதன் தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். நடந்ததை மனம் மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தது.

மலைச்சாரல் என்ற தனியார் மருத்துவமனையில், பித்தப்பைக் கல்லை அகற்றும் சத்திரசிகிச்சைக்காக றமீலா என்ற விதவை சேர்க்கப்பட்டிருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்புக் கண்டவர். மயக்க மருந்து வைத்தியர் நிலூஷா முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தார். இரத்தத்தை இளக்கும் மாத்திரையைச் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். காலையும் மாலையும் போடும், இதயத் துடிப்பை அடக்கும் மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் விடக்கூடாது. சத்திரசிகிச்சை நாளின் காலையில் வெறும் வயிறாக இருந்தாலும், ஒரு மிடறு தண்ணீரோடு அதை விழுங்கியே ஆக வேண்டும்.

ஆனால் மேசையில் கிடத்தியதும் றமீலாவின் இதயம் தறிகெட்டுத் துடித்தது. இரத்த அழுத்தம் ஏறியது. இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் கோடுகள் கோணின. கத்தியை வைக்காமலேயே அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் மயிரிழையில் தப்பியது. “அந்த மாத்திரை குதிரைக்குப் போட்ட கடிவாளம் மாதிரி. திடீரெனக் கழற்றினால் குதிரை முன்பைவிட வேகமாக ஓடும்” என்று நிலூஷா விளக்கினார். கடிவாளத்தைக் கழற்றியவர் யார் என்று கண்டறியவே நிர்வாகி மோகனராஜ் இராமநாதனை அழைத்தார்.

சுபாஜினி ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். “என் கையால குடுத்தேன் சேர். புதுத் தண்ணிப் போத்தலும் வச்சிட்டு வந்தேன்.”

இராமநாதன் வார்டுக்குப் போய்ப் பார்த்தார். கட்டிலருகே அந்தப் போத்தல் நின்றது. மூடியின் முத்திரை உடையவில்லை. தண்ணீர் இல்லாமல் மாத்திரை எப்படி உள்ளே போகும்? தாதி பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினார். வார்டின் நடுவில், மற்றத் தாதியர் எல்லோரும் பார்த்திருக்க, போத்தலை உயர்த்திப் பிடித்து அவளை உரத்த குரலில் கேள்விமேல் கேள்வி கேட்டார். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போது அவருக்கே காது கூசியது.

“நேத்து மணிக்கூண்டுப் பக்கம் அவளைக் கண்டேன்” என்றார் இராமநாதன். “வத்தேகம பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தா. நான் ஒளிஞ்சு போகப் பார்த்தேன். அவளே கிட்ட வந்து வணக்கம் சொன்னா.”

“ஏசினாவா?”

“ஏசியிருந்தா நிம்மதியா நித்திரை கொண்டிருப்பேன். ‘அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு சேர்?’ன்னு கேட்டா. ‘அன்னைக்குக் காலைல, மஃரிப் பாங்கு வார்டுக்குக் கேக்குமான்னு கேட்டாங்க. நல்லாக் கேக்கும்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சே’ன்னு வருத்தப்பட்டா. பொய் சொல்லி ஒருத்தரைச் சாகக் குடுக்க இருந்தவ, அவங்க சுகத்தையா விசாரிப்பா?”

ஹபீலா தேநீரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

“திரும்பச் சொல்லுங்க சேர். காலைலயா கேட்டாங்க? மஃரிப் பாங்கப் பத்தியா?”

“ஆமா. தொழுகிறதுக்காக இருக்கும்னு நினைச்சேன்.”

“தொழுகிறவங்க காலைல அடுத்த பாங்கு எதுவோ அதத்தான் கேப்பாங்க. மத்தியானத்து லுஹர் ஈக்குது, பின்னேரத்து அஸர் ஈக்குது. ரெண்டையும் தாண்டி, பொழுது சாயிற பாங்கு ஒண்டுக்கு மட்டும் காதத் தீட்டிக்கொண்டு ஈக்கிறவங்க ஆரு தெரியுமா? பசியோட ஈக்கிறவங்க.” அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “அவங்கட சாமான்ல வேற என்ன ஈந்துச்சு?”

“மருந்து, துவாய், தஸ்பீஹ் மணி. ஒரு தகர டப்பியில பேரீச்சம்பழம். மகள் பஸ்லினா எனக்கும் நீட்டினா. ரெண்டு சாப்பிட்டேன். நல்ல பழம்.”

“யா அல்லாஹ்!” ஹபீலா தலையில் கைவைத்தாள். “எங்கட ஆக்கள் ஆஸ்பத்திரிக்குப் போனா தோடம்பழம் கொண்டுபோவாங்க, பிஸ்கட் கொண்டுபோவாங்க. கட்டில் பக்கத்துல பேரீச்சம்பழத்த வச்சிக்கொண்டு மஃரிபு எப்பண்டு கேக்கிறது நோம்பு தொறக்கத்தான். கேசுல ஈந்த ஒரே தடயம் அது. அதப் போய்த் தின்னுட்டு, நல்ல பழமெண்டு சான்றிதழும் குடுக்கிறீங்க!”

இராமநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இதுவரை அவருடைய மனக்கண்ணில் பொய்ச்சாட்சியாக நின்ற அந்தத் தண்ணீர்ப் போத்தல் இப்போது வேறொரு முகத்தைக் காட்டியது. தண்ணீர் கொடுக்கப்படவில்லை என்பதற்கல்ல, கொடுத்த தண்ணீரைக் குடிக்க ஒருவர் மறுத்தார் என்பதற்கே அது சாட்சி.

“காரை எடுங்க” என்றார்.

“அது எடுக்கிற காரில்ல சேர். கெஞ்சிற கார்.”

அன்று அதிகம் கெஞ்ச வைக்காமலேயே கார் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்தது. வழக்கமாகப் பயணத்தில் இராமநாதன் ஏதாவது ஒரு காட்டையும் அதிலுள்ள மிருகங்களையும் இழுத்துவந்து கதை சொல்வார். மடவளைச் சந்தி வரும்வரை அன்று வாயே திறக்கவில்லை. விசாரணை தொடங்குமுன் கையில் ஒரு சான்று கிடைத்தாக வேண்டும். நோன்பு பிடித்தார் என்ற ஊகத்தை மோகனராஜ் ஏற்கமாட்டார். ஊகத்தின் மீது கட்டிய ஓர் அறிக்கைதான் ஏற்கெனவே அவர் மேசையில் கிடக்கிறதே.

றமீலாவின் வீடு பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது. கதவைத் திறந்த பஸ்லினா, வந்தவர்களைக் கண்டதும் கதிரைகளை இழுத்துப் போட்டாள். உள்ளறையில் தலையணைகளில் சாய்ந்திருந்த றமீலா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர்களை வரச்சொன்னார். மெலிந்திருந்தார். கண்களில் மட்டும் ஏதோ ஒன்று உறங்காமல் கிடந்தது.

எப்படித் தொடங்குவதென்று இராமநாதன் தடுமாறினார். ஹபீலா தடுமாறவில்லை. கட்டிலோரத்தில் உட்கார்ந்து அவருடைய கையைப் பிடித்தாள்.

“மாமி, ஒப்பரேசனண்டு நோம்பு பிடிச்சீந்தீங்களா?”

 பஸ்லினா சிரிக்கப் போனாள். “அவங்களா? என்ன ராத்தா, நெஞ்சு வருத்தக்காரிக்கு...” என்றவள், தாயின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

றமீலா தலையணைக்குக் கீழே கைவிட்டுத் தகர டப்பியை எடுத்தார். இராமநாதனுக்கு அது பழகிய டப்பி. மூடியைத் திறந்து, எஞ்சிய பழங்களை மடியில் கொட்டினார். அடியில் விரித்திருந்த எண்ணெய்த் தாளை நகத்தால் கிளப்பினார். தாளுக்குக் கீழே சில வெள்ளை மாத்திரைகள் கிடந்தன. அவற்றின் நடுவே ஒன்று மட்டும் இளஞ்சிவப்பு.

“வெள்ளை, எங்கட வீட்டு மருந்து” என்றாள் பஸ்லினா. “நான் அலுமாரியில பூட்டி வச்சு ஒவ்வொரு காலையும் என்ட கையால குடுத்த மருந்து.”

“சிவப்பு ஆஸ்பத்திரி மருந்து” என்றார் இராமநாதன். வேறு கம்பனியின் அதே மருந்து. மலைச்சாரல் வார்டில் சுபாஜினியின் தட்டிலிருந்து வருவதற்கன்றி அந்த நிறம் இந்த டப்பிக்குள் வர வேறு வழியே இல்லை.

“இன்னும் நாலு பழம் தின்னீந்தீங்கண்டா அண்டைக்கே கேஸ் முடிஞ்சீக்கும் சேர்” என்று ஹபீலா முணுமுணுத்தாள். “ஒங்கட மரியாதைதான் கெடுத்தது.”

றமீலா மெல்லச் சொல்லத் தொடங்கினார்.

“போன நோம்பு மாசத்துல வகுத்து வலி வந்து கொஞ்ச நோம்பு விட்டுப்போச்சு. அதத் திருப்பிப் பிடிச்சுக் கழாச் செய்யாமலே கெடந்தது. ஒப்பரேசனெண்டதும் பயம் வந்துட்டு மகள். மயக்கம் குடுத்தா எழும்புவேனோ மாட்டேனோ. அல்லாஹ்வுக்குக் குடுக்கவேண்டியத வச்சிக்கொண்டு மௌத்தாப் போனா என்ன பதில் சொல்ற? எண்ணெய் சேக்க வேணாம், கனக்கத் தின்ன வேணாமெண்டு டொக்டரே சொன்னாங்க. அப்ப அந்த நாளெல்லாம் வீணாப் போகாம நோம்பு பிடிச்சேன். ஒப்பரேசனண்டு எப்படியும் வெறும் வகுறுதானே? அண்டைக்கும் நோம்பெண்டு மனசுல நிய்யத்து வச்சுட்டேன். விடிய முந்தி, சுபஹுக்கு முன்ன எழும்பித் தண்ணி மட்டும் குடிச்சேன்.”

“மாத்திரையை விடியமுன்ன சஹர் நேரத்திலயே போட்டிருக்கலாமே உம்மா!”

“அலுமாரித் தொறப்பு ஒன்ட இடுப்புலதானே ஈக்குது? கேட்டா நோம்பெண்டு வெளங்கிப் போகும். பிடிக்க உடமாட்டாய். காலைல நீ மாத்திரையத் தந்துட்டுத் தேயில ஊத்தத் திரும்புவாய். அதுக்குள்ள உள்ளங்கைல மறைச்சிருவேன். தேத்தண்ணியப் பொறகு வாசல் மரத்துக்கு ஊத்திருவேன். பின்னேரத்து மாத்திரைய நோம்பு தொறந்துட்டுப் போட்டேன். மறைச்சு வச்சதச் சஹருக்குக் குடிக்கத் தோணல்ல, நாளைக்கு ஒண்டு போட்டாலும் ஓடுமெண்டு நெனச்சேன்.”

“ஆஸ்பத்திரியில?” என்றார் இராமநாதன்.

“அந்தப் பிள்ள கைல வச்சிச்சு. பக்கத்துக் கட்டில்ல ஒரு மனிசி சத்தம் போட்டா. பிள்ள திரும்பின நேரம் மறைச்சேன். மருந்த வீச மனசு வரல்ல. அதான் டப்பிக்குள்ள.”

பஸ்லினா தரையில் அமர்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹபீலாவின் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது. “நோயாளிக்கு அல்லாஹ்வே தவணை குடுத்தீக்கான் மாமி. நீங்க ஏன் அவசரப்பட்டீங்க?”

“பயத்துல மகள். வேறென்ன?”

இராமநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அம்மா, அந்தத் தாதிப் பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தி இருக்காங்க. மருந்து குடுக்கல்லன்னு பழி. இதை ஏன் நீங்க யார்கிட்டயும் சொல்லல்ல?”

றமீலா நிமிர்ந்தார். அவருடைய முகத்தில் முதலில் திகைப்பு தெரிந்தது. பிறகு அது கோபமாயிற்று.

“நிப்பாட்டிட்டாங்களா? அந்தப் பிள்ளையையா? என்ன சேர் கதைக்கிறீங்க! கண் முழிச்சு வார்டுக்கு வந்த அண்டைக்கே உங்கட கையப் பிடிச்சுச் சொல்ல வந்தேனே! ‘அந்தப் பிள்ள மாத்திரையத் தந்துச்சு...’ எண்டு தொடங்கினேன். நீங்கதான் ‘பேசிக் களைக்க வேணாம்மா, எல்லாம் கண்டுபிடிச்சாச்சு’ எண்டீங்க. டப்பியக் கண்டுபிடிச்சிட்டீங்க, மகளுக்குத் தெரியாம மறைக்கிறீங்க எண்டெல்லோ நெனச்சேன்!”

இராமநாதனுக்கு நினைவு வந்தது. எழுதிய அறிக்கையைக் கொடுக்க மருத்துவமனைக்குப் போன அந்த மழை நாள். கட்டிலிலிருந்து உயர்ந்த ஒரு மெலிந்த கை. அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, அன்பாக, மிக அன்பாக, போர்வைக்குள் வைத்துவிட்டு வந்தார் அவர். போத்தலை விசாரித்திருந்தார், தாதியை விசாரித்திருந்தார். மாத்திரை யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அந்த மனிதரை ஒரு வார்த்தை பேச விடவில்லை.

கண்டிக்குத் திரும்பும் வழியில் அவராகவே பேசினார்.

“ஒரு காட்டில் ஓர் ஆந்தை நீதிபதியாக இருந்தது, ஹபீலா. எல்லாவற்றையும் பார்க்கும் பெரிய கண் என்று மிருகங்கள் புகழ்ந்தன. ஒருநாள் பகலில் ஒரு மான் சாட்சி சொல்ல வந்தது. ஆந்தைக்கு வெளிச்சத்தில் கண் கூசியது. ‘நீ களைத்திருக்கிறாய், போய்ப் படு, எனக்கு எல்லாம் தெரியும்’ என்று மானை அனுப்பிவிட்டது. மான் அதன் கருணையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனது.”

“பொறகு?”

“ஒரு முயலுக்குத் தண்டனை கிடைத்தது.”

ஹபீலா பக்கத்தில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு காரை வேகமாக ஓட்டினாள். பின்னாசனத்தில் பஸ்லினா டப்பியை மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். தாயின் சார்பில் சொல்ல அவளும் வந்தாள்.

விசாரணை அறையில் மோகனராஜும் இரண்டு அதிகாரிகளும் வைத்தியர் நிலூஷாவும் இருந்தார்கள். சுவரோரம் சுபாஜினி, மடித்த கைகளோடு. இராமநாதன் அமரவில்லை.

“என் அறிக்கை பிழை. அதைத் திரும்பப் பெறுகிறேன். இந்தத் தாதி மருந்து கொடுத்தார்.” டப்பி மேசைக்கு வந்தது. இளஞ்சிவப்பு மாத்திரையை நிலூஷா கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, வெள்ளை மாத்திரைகளின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

“ஆக, பல நாட்களாகப் பாதி மருந்து, அன்றைக்கு அதுவும் இல்லை. இதயம் அப்படி ஓடியதில் வியப்பே இல்லை. ஒன்றை நிறுத்துங்கள், மற்றதை நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். நோன்பைப் பற்றி நானும் ஒரு வார்த்தை கேட்கவில்லை” என்றார். “அடுத்தமுறை நானே கேட்பேன்.”

மோகனராஜ் கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா மிஸ்டர் இராமநாதன், நோயாளி விழுங்கும்வரை பாத்து நிக்கணும்னு விதி இருக்கு.”

“பெத்த மகள் நானே பாக்கல்ல சேர்” என்றாள் பஸ்லினா. “ஒவ்வொரு நாளும் பக்கத்துல நிண்டு ஏமாந்தேன். ஒரு வார்டையே பாக்கிற பிள்ளைய மட்டும் எப்படிக் குத்தம் சொல்ற?”

அப்போதுதான் சுபாஜினி வாய் திறந்தாள். “பாத்து நின்னிருக்கணும் சேர். திரும்பினது என் பிழைதான். அதை ஒத்துக்கிறேன். குடுக்கல்லன்னு சொன்னதைத்தான் ஒத்துக்க முடியல.”

இடைநிறுத்தம் அந்த அறையிலேயே நீக்கப்பட்டது. மறுநாளே வேலைக்கு வரச்சொன்னார்கள். வெளியே தாழ்வாரத்தில் இராமநாதன் அவள் முன்னால் நின்றார்.

“பிள்ள, வார்டுக்கு வாங்க. எல்லார் முன்னாலயும் உங்களைக் கேவலப்படுத்தினேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கிறேன்.”

“வார்டுல உள்ளவங்களுக்கு என்னைத் தெரியும் சேர். அவங்க அன்னைக்கே நம்பல்ல.” அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். “பன்விலயில எங்க தோட்டத்துலதான் கதை பரவிருச்சு. கறுப்பையா மக மருந்து குடுக்காம ஒரு ஆளைக் கொல்லப் பாத்தான்னு. எங்கப்பா கோயில் பக்கம் போறதையே நிறுத்திட்டாரு. கடைக்கும் போறதில்ல. அங்க வந்து சொல்வீங்களா?”

“வாறேன்” என்றார் இராமநாதன். “இப்பவே.”

பன்விலவுக்கு ஏறும் பாதையில் கார் இரண்டு இடங்களில் நின்று மூச்சு வாங்கியது. தேயிலைத் தோட்டத்தை அடைந்தபோது, பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கடைச் சந்தியில் கூடியிருந்தார்கள். சுபாஜினி போய்த் தந்தையை அழைத்துவந்தாள். கறுப்பையா சட்டைப் பொத்தானைப் போட்டபடி, யாரையும் பாராமல், ஓரமாக வந்து நின்றார். கூட்டம் பேச்சை நிறுத்தியது.

இராமநாதன் கடைப் படியில் ஏறினார். 

“நான் இராமநாதன். கண்டியில துப்பறியிறவன். இவரோட மகள் அந்த நோயாளிக்கு மருந்து குடுக்கல்லன்னு எழுதினது நான்தான். அது பொய். சுபாஜினி மருந்து குடுத்தா. பிழை செஞ்சது நான். அவகிட்டயும் இவர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கிறேன்.”

கறுப்பையா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, கூட்டத்தின் கடைசி வரிசையை, லயத்து வீடுகளின் படிகளில் நின்றவர்களை, தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களை ஒருமுறை பார்த்தார்.

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க” என்றார். “இன்னொரு தடவ சொல்லுங்க.”

இராமநாதன் கைகளைக் கூப்பிக்கொண்டு, முன்னிலும் உரத்த குரலில், முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினார்.